பதினோராவது வார்டுக் கல்வெட்டு

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்திக்குங்க சார். பட்டாலும் பரவால்ல, ஆனா முன் சீட்டு அம்மா பண்ண மாதிரி தொட்டுக் கண்ணுல ஒத்திக்க வேண்டாம். சாமி இல்ல அது. பஸ் ஏறினதுலேருந்து சொல்லிக்கிட்டு வர்றேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. சாக்குல கட்டி, மேல சிவப்புத் துண்டு சுத்தி, ஒரு ஆளு நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தா புள்ளையாருன்னு முடிவு பண்ணிடறாங்க. லக்கேஜ் டிக்கெட் போடணும்னு வந்த கண்டக்டரு கூட துண்டப் பாத்ததும் செருப்பக் கழட்டிட்டு நின்னாரு. நான் பொய் சொல்லல. அந்த நேரத்துல ஒண்ணும் சொல்லல, அவ்வளவுதான்.

கல்வெட்டு சார் அது. என்னோட கல்வெட்டு. திருச்சி வரைக்குமா நீங்க? நல்லதாப் போச்சு, முழுசாச் சொல்லலாம்.

நான் எம். வைரப்பெருமாள். வாகையூர் நகராட்சி, பதினோராவது வார்டு, முன்னாள் கவுன்சிலர். தொண்ணூத்தாறுலேருந்து ரெண்டாயிரத்தி ஒண்ணு வரைக்கும். அடுத்த தடவ நான் நிக்கல. நின்னேன், ஜெயிக்கல, அது இப்ப எதுக்கு. வாகையூர் தெரியும்ல, பஸ்ஸு டீக்கு நிக்குமே, ஜன்னல் வழியா முறுக்கு நீட்டுவாங்களே, அந்த ஊருதான். எல்லாருக்கும் முறுக்கு தெரியும். முறுக்குக்கடைக்கு எதுத்தாப்புல செவப்பா ஒரு கட்டிடம் நிக்குது, அது ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் டவுன்ஹால். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடம். நான் மட்டும் இல்லன்னா இன்னைக்கு அங்க செல்போன் கடையா இருக்கும்.

அந்த டவுன்ஹாலுக்குப் பின்னாலதான் நான் கவுன்சிலரா இருந்தப்ப ஒரு கட்டிடம் கட்டினேன். அதுல வச்சதுதான் இந்தக் கல்லு. என்ன எழுதியிருக்குன்னு கேக்கறீங்களா? 'நவீன கட்டணமில்லாக் கழிப்பிடம். திறந்து வைத்தவர்: எம். வைரப்பெருமாள், நகர்மன்ற உறுப்பினர். 1999.'

சிரிங்க, எல்லாரும் அப்படித்தான் சிரிக்கறாங்க. பஸ்ஸு அடுத்து நின்னதும் முதல்ல எங்க ஓடுவீங்கன்னு பாக்கறேன். நீங்க கவனிக்க வேண்டியது அந்தக் கழிப்பிடம்ங்கறத இல்ல சார். பேர. எங்க ஊர்ல இருக்கற அத்தனை கல்லயும் பாருங்க, தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரைன்னு கல்யாணப் பத்திரிகையாட்டம் இருவது பேரு இருக்கும். தாய்மாமன் பேரு மட்டும்தான் பாக்கி. என் கல்லுல ஒரே பேரு. எப்படின்னா, அப்ப சேர்மனா இருந்த நாவுக்கரசுவ முறையாப் போயி கூப்பிட்டேன். 'யோவ் வைரம், கக்கூஸ் தொறக்கறதுக்கெல்லாம் என்னால வர முடியாது'ன்னுட்டாரு. சரி, போங்கன்னு நானே தொறந்தேன். ரிப்பன் வெட்டினவருதான் முதல்ல உள்ள போகணும்னு ஜனங்க சொன்னாங்க. போனேன். வெளிய வந்தப்ப கைதட்டினாங்க சார். எனக்கு அப்படியே கண்ணு கலங்கிடுச்சு.

அதே வருஷம்தான் நாவுக்கரசு டவுன்ஹாலுக்கு சிமெண்டு பூசி, ரோஸ் பெயிண்ட் அடிச்சு, முன் முகப்புல அவருக்கு ஒரு கல்லு வச்சுக்கிட்டாரு. 'புதுப்பித்துத் திறந்து வைத்தவர்'னு. ரெண்டு கல்லுக்கும் ஆளு ஒருத்தன்தான். சவரிமுத்துன்னு எங்க ஊர்ல கல்லு கொத்தறவன். அவன் முதல்ல என்கிட்டதான் வந்தான். 'அண்ணே, ஹாலுக்குப் பின்னால குழாயடியில ஒரு பழைய கல்லு குப்புறக் கெடக்கு, வாட்ச்மேன் அதுலதான் துணி துவைக்கறாரு, நல்லா வழவழன்னு இருக்கு, அதுலயே உங்க பேர வெட்டிடட்டுமா'ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஊரான் கோவணம் துவைச்ச கல்லுலயாடா என் பேரு, புதுசா எடுத்துட்டு வாடான்னு தொரத்தி விட்டேன். இத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால வரும்.

கழிப்பிடம் ரெண்டு வருஷம் நல்லா ஓடிச்சு. அப்புறம் தண்ணி வரல, பூட்டிட்டாங்க. பூட்டினா என்ன, கல்லு வெளிச்சுவத்துலதான இருக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போயி தேங்கா எண்ணெய் தொட்டுத் தொடச்சுட்டு வருவேன். என் வீட்டுக்காரி சுலோச்சனா சொல்லுவா, 'கோயிலுக்கு வாங்கன்னா முட்டி வலிங்கறீங்க, கக்கூஸுக்கு மட்டும் வாரம் தவறாமப் போறீங்க'ன்னு. அவளுக்கு வரலாத்துல ஈடுபாடு கெடையாது சார்.

இப்படி இருக்கறப்பதான் ரெண்டு வருஷத்துக்கு முன்னால நகராட்சியில ஒரு தீர்மானம் போட்டாங்க. டவுன்ஹால இடிச்சுட்டு அந்த எடத்துல வணிக வளாகம். பேப்பர்ல பாத்ததும் எனக்கு சாப்பாடு எறங்கல. நூறு வருஷத்துக்கு மேலான கட்டிடம் சார். அந்தக் காலத்துச் செங்கலு, சுண்ணாம்பு, தேக்கு உத்தரம். அதுக்குப் பின்னால என் கல்லு. இடிக்க வர்றவன் முன்னால மட்டும் இடிச்சுட்டு பின்னால உள்ளத விட்டுட்டா போகப்போறான்?

அன்னைக்கு சாயங்காலமே குழு ஆரம்பிச்சுட்டேன். வாகையூர் டவுன்ஹால் பாதுகாப்புக் குழு. தலைவர் நான். உறுப்பினர் பெரியதம்பி வாத்தியாரு, ரிட்டயர்டு. வேற யாரும் இல்ல, ஆனா லெட்டர்பேடுல பேரு போட நெறய எடம் விட்டிருந்தோம். நாவுக்கரசுகிட்டயும் போனேன். உங்க கல்லும்தான அங்க இருக்குன்னேன். 'இடிச்சா இடிக்கட்டும்யா, எனக்கு சுகர் முந்நூறு இருக்கு'ன்னு சொல்லிட்டு டிவி பாக்கப் போயிட்டாரு. அப்பேர்ப்பட்ட ஆளு சார் அவரு. இதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

ஒரு கட்டிடத்தக் காப்பாத்தணும்னா அதுக்கு ஒரு வரலாறு வேணுமாம். வாத்தியாரு ஒரு மாசம் லைப்ரரியில உக்காந்து தூசு தும்பு தின்னு தேடினாரு. கெடச்சது ஒண்ணே ஒண்ணு. அந்த ஹால்ல மாட்டுக்கு வர்ற கோமாரியப் பத்தி ஒரு கூட்டம் நடந்துருக்கு, பதினேழு பேர் வந்திருக்காங்க. இத வச்சுக்கிட்டு ஊர எப்படி சார் எழுப்பறது? நான் மேடையில கொஞ்சம் நீட்டினேன். 'இந்த மண்டபத்தில்தான் நம் முன்னோர்கள் ஒரு கொடிய எதிரியை விரட்டியடிக்க ஒன்று திரண்டார்கள்'னேன். பொய்யா? கோமாரி கொடியதுதான? கூட்டத்துல ஒரு பெரியவரு எழுந்து, அந்தக் கூட்டத்துக்கு எங்க தாத்தாவும் போயிருந்தாருன்னு சொல்லிட்டு அழுதாரு. அவரு எதுக்குப் போயிருந்தாருன்னு நான் கேக்கல.

அப்புறம் கலெக்டர் அம்மா நேர்ல பாக்க வந்தாங்க. இந்தச் சுவத்துல அப்படி என்ன விசேஷம்னு கேட்டாங்க. கடுக்காயும் வெல்லமும் ஊறவச்சு சுண்ணாம்புல கலந்து பூசினதுங்கம்மான்னேன். 'அப்படியா'ன்னாங்க. அந்த 'அப்படியா'வுல ஒரு சந்தேகம் தெரிஞ்சுது சார். யோசிச்சுக்கிட்டு நின்னா காரியம் கெட்டுப் போயிடும். நான் சட்டுன்னு சுவத்துகிட்டப் போயி ஒரு நக்கு நக்கினேன். 'இப்பவும் இனிக்குதுங்கம்மா'ன்னேன். கலெக்டர் சுவத்தயும் என்னையும் மாறி மாறிப் பாத்தாங்க. கூட வந்த தாசில்தாருதான் ஒரு ஓரமாப் போயி, யாரும் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு அவரும் நக்கிட்டு வந்து, 'லேசா இருக்குங்க மேடம்'னாரு.

ஒரு வாரம் நாக்கு வெந்து கெடந்தேன், வெறும் மோர்தான். நான் நக்கின எடம் நாவுக்கரசு பூசின சிமெண்டுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. தாசில்தாரு எந்த எடத்துல நக்கினாருன்னு அவருக்கே வெளிச்சம். ஆனா சுவத்த நக்கற போட்டோ எல்லாப் பேப்பர்லயும் வந்துடுச்சு. 'சுவரையும் சுவைக்கும் பாரம்பரியக் காதலர்'னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான். அதோட தீர்மானத்த ரத்து பண்ணிட்டாங்க. டவுன்ஹால இடிக்கப் போறதில்ல, பழைய காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே சரிபண்ணி வைக்கப் போறோம்னு அறிவிச்சுட்டாங்க. ஜெயிச்சுட்டேன் சார். எலெக்‌ஷன்ல தோத்தவன் இதுல ஜெயிச்சேன்.

வேலைக்கு மெட்ராஸ்லேருந்து கயல்விழின்னு ஒரு மேடம் வந்தாங்க. பழைய கட்டிடங்கள சரிபண்றதுலயே தேர்ந்தவங்க. சின்னப் பொண்ணுதான், ஆனா செங்கல்லத் தட்டிப் பாத்தே வயசு சொல்லுவாங்க. ஒரே ஒரு குறை அவங்களுக்கு. 'கட்டிடம் எந்த வருஷம் கட்டினதுன்னு ஆதாரமே இல்லையே ஐயா, அடிக்கல் மாதிரி எதுவும் இருந்துச்சா'ன்னு பாக்கறப்பல்லாம் கேப்பாங்க. 'அந்தக் காலத்து ஆளுங்க தன்னடக்கம் உள்ளவங்க மேடம், பேரு போட்டுக் கல்லு வைக்கற பழக்கமே அவங்களுக்குக் கெடையாது'ன்னு நான் விளக்கமாச் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க.

அப்புறம் ஒரு நாள், எதெல்லாம் வச்சுக்கணும், எதெல்லாம் எடுக்கணும்னு குழு ஒரு கருத்து சொல்லணும்னு என்னைக் கூப்பிட்டாங்க. முகப்புல நின்னுதான் பேசினோம். என் தலைக்கு நேர் மேல நாவுக்கரசு கல்லு. ஒரு கூட்டத்துக்கு வரல, ஒரு கையெழுத்து போடல, அந்த மனுஷன் பேரு மட்டும் வாசல்ல பளபளன்னு நிக்குது. எனக்கு உச்சியில சுர்ருன்னுச்சு. 'மேடம், நூறு வருஷத்துக்கு உட்பட்டது எதுவும் இந்த வளாகத்துல இருக்கக் கூடாது'ன்னேன். 'எதுவுமேவா ஐயா?'ன்னாங்க. எதுவுமேன்னேன். 'வளாகம் முழுக்கவா?'ன்னாங்க. முழுக்கன்னேன். 'நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?'ன்னு மூணாவது தடவையும் கேட்டாங்க. யோசிக்கறதுக்கு என்ன இருக்குன்னு குழு லெட்டர்பேடுலயே எழுதி, கையெழுத்து போட்டு, சீலு குத்திக் குடுத்தேன். வாத்தியாரு சட்டையப் புடிச்சு இழுத்தாரு. மனுஷன் டீ குடிக்கக் கூப்பிடறாருன்னு நெனச்சுட்டேன்.

மறுநாள் காலையில போனா, முகப்புல ஒரு ஆளும் இல்ல. பின்னாலேருந்து சத்தம் கேக்குது. பின்னாலதான் முதல்ல ஆரம்பிச்சிருக்காங்க. என் கழிப்பிடம் பாதி இல்ல. என் கல்லப் பேர்த்து வேப்பமரத்துல சாத்தி வச்சிருக்கான். அதுக்கு மேல ஒருத்தன் டிபன் கேரியர வச்சிருக்கான் சார்.

ஓடினேன். 'மேடம், இது வேற மேடம், இது வரலாறு'ன்னேன். அவங்க என் லெட்டர எடுத்துக் காட்டினாங்க. நூறு வருஷத்துக்கு உட்பட்டது எதுவும்னு நான் எழுதினதுக்குக் கீழ நானே அழுத்தமா ரெண்டு கோடு போட்டிருக்கேன். 'உங்க மாதிரி சொந்தப் பேரையே விட்டுக்குடுக்கற ஆளை நான் பாத்ததே இல்ல ஐயா'ன்னு சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. நெஜமாவே கும்பிட்டாங்க. ஆமாம்மான்னுட்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் போயி நின்னு அழுதேன்.

சரி, நாவுக்கரசு கல்லும் போகுதுல்ல, அந்த ஒரு ஆறுதல் போதும்னு மனசத் தேத்திக்கிட்டேன். வியாழக்கிழமை அதப் பேர்த்தாங்க. பாக்கணுமேன்னு காலையிலயே போயி நாற்காலி போட்டு உக்காந்துட்டேன். நாலு பேர் கடப்பாறை போட்டு நெம்பி, மெதுவா எறக்கி, திருப்பிச் சாத்தினாங்க. மேடம் ஒரு கூச்சல் போட்டாங்க பாருங்க, ரோட்டுல போன பஸ்ஸு நின்னுடுச்சு. யாரோ கால்ல கல்லப் போட்டுக்கிட்டாங்கன்னு எந்திரிச்சு ஓடினா, கல்லுக்குப் பின்பக்கம் பூரா இங்கிலீஷு. ஆயிரத்தி எண்ணூத்தி தொண்ணூத்தி ஒண்ணு, இன்ன துரை அடிக்கல் நாட்டினாருன்னு அச்சடிச்ச மாதிரி இருக்கு. டவுன்ஹாலோட அடிக்கல்லு சார் அது. எந்தக் காலத்துலயோ வாசல அகலப்படுத்தறப்ப கழட்டிக் குழாயடியில போட்டிருக்காங்க. வாட்ச்மேன் துணி துவைச்ச கல்லு. நான் வேண்டாம்னு தொரத்தி விட்ட கல்லு.

சவரிமுத்துவக் கூப்பிட்டு, பாவி, அன்னைக்கே பாத்திருப்பியேடான்னேன். 'பாத்தேண்ணே, பின்னால என்னமோ இங்கிலீஷுல இருந்துச்சு, சுவத்துக்குள்ளதான போகப்போவுதுன்னு விட்டுட்டேன். நீங்க வேண்டாம்னீங்க, சேர்மன் ஒண்ணும் கேக்கல, அவருக்கு வச்சுட்டேன்'னான். ஒரு பதட்டமும் இல்லாம சொல்றான் சார்.

இப்பப் போனீங்கன்னா நீங்களே பாக்கலாம். ஹாலுக்கு நட்டநடுவுல கண்ணாடிப் பெட்டி, அதுக்குள்ள அந்தக் கல்லு நிக்குது. ரெண்டு பக்கமும் பாத்துக்கலாம். ஒரு பக்கம் துரை, மறுபக்கம் நாவுக்கரசு. துரையத் தொடாம நாவுக்கரச எடுக்க முடியாதாம். அவருக்குத் தனியா லைட்டு வேற போட்டிருக்காங்க. தொறப்பு விழாவுக்கு சக்கர நாற்காலியில வந்தாரு. பக்கத்துல நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க. என்னையும் மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போட்டாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா சால்வைய எத்தனை வருஷம் சார் வச்சுக்க முடியும்? சுலோச்சனா மறுவாரமே அத டிவிக்குப் போத்திட்டா.

என் கல்ல மேடம் மரியாதையா வண்டியில ஏத்தி வீட்டுக்கு அனுப்பி வச்சாங்க. நடுவீட்டுல வைக்கலாம்னா சுலோச்சனா ஒத்துக்கல, கொல்லையில வச்சேன். நேத்து காலையில பல்லு வெளக்கப் போறேன், தொப்பு தொப்புன்னு சத்தம். என் பேரு மேல என் சட்டையவே போட்டுத் துவைச்சுக்கிட்டிருக்கா. 'நல்ல கல்லுங்க, அழுக்கு என்னமாப் போவுது'ங்கறா. அதுக்கு மேல அந்த வீட்டுல அத வச்சிருக்க எனக்கு மனசு வரல. இன்னைக்குக் காலையில சாக்கு தேடினேன், கட்டினேன், பஸ் ஏறிட்டேன்.

எங்க போறேன்னு கேக்கறீங்களா? திருச்சியில என் பொண்ணு தேன்மொழி புதுசா வீடு கட்டறா. வாசல் சுவத்துல வச்சுக்கம்மான்னு போன்ல கேட்டேன். 'அப்பா, வாசல்ல கட்டணமில்லாக் கழிப்பிடம்னு போட்டா ரோட்டுல போறவன்லாம் உள்ள வந்துடுவான்பா'ன்னா. அந்த வரிய மட்டும் சிமெண்டு வச்சு மூடிக்கலாம்மான்னேன். அப்ப 'திறந்து வைத்தவர்'னு மட்டும் இருக்குமே, எதத் தொறந்தீங்கன்னு கேப்பாங்களேன்னா. படிச்ச பொண்ணு சார், வாயக் குடுக்க முடியல. மாப்பிள்ளைகிட்டயும் சொல்லி வச்சிருக்கா, அப்பா வந்தா உள்ள விடு, கல்ல விடாதேன்னு. போயித்தான் பாக்கணும்.

ஆனா ஒண்ணு யோசிச்சேன். நூறு வருஷம் ஆயிட்டா எதையும் எடுக்கக் கூடாதுன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன்ல? என் கல்லுக்கு ரெண்டாயிரத்தி தொண்ணூத்தொம்பதுல நூறு முடியுது. அது வரைக்கும் ஏதாவது ஒரு சுவத்துல பத்திரமா ஒட்டிக்கிட்டு நின்னுட்டா போதும். அதுக்கப்புறம் ஒரு பய கை வைக்க முடியாது. நான் இருக்க மாட்டேன், தெரியும். கல்லு இருக்கும்ல.

சார், தப்பா நெனைக்கலன்னா ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்கு சொந்த வீடுதான? கட்டி எத்தனை வருஷம் ஆச்சு? காம்பவுண்டுச் சுவரெல்லாம் கெட்டியா இருக்குமா? ரெண்டடிக்கு ஒன்றரை அடிதான் சார், ஒரு மூலையில கேக்கறேன். இல்ல இல்ல, பெரிய மனசு பண்ணுங்க, உடனே வேண்டாம்னுடாதீங்க. வீட்டுல அம்மா என்ன சொல்லுவாங்கன்னு பயப்படறீங்க, அவ்வளவுதான? எழுத்து வெளிய தெரியணும்னு கூட நான் கேக்கல. உள்பக்கமாத் திருப்பி வச்சுப் பூசிடுங்க. என்னைக்காவது எவனாவது பேர்த்துப் பாக்காமயா போயிடுவான்?